பிள்ளைகள் கையில் ஓர் ஓலையைக் கொடுங்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)

செயலாளர் சார் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். எனக்குப் பிறகு மோட்டார் ரிப்பேர் செலவும் பார்க்கிங் பஞ்சாயத்தும் காத்திருக்கின்றன. அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

மாடிப்படியில் என்னைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது, "இன்னும் பிள்ளைகளை ஸ்கூல்ல சேர்க்கலையா?" என்பதுதான். அக்கறையில்தான் கேட்கிறீர்கள், எனக்கு வருத்தமில்லை. பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறரை. இருவரும் வீட்டில்தான் படிக்கிறார்கள். அதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு, உங்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

"சட்டப்படி தப்பில்லையா?" என்று சிலர் தனியாகக் கேட்டீர்கள். 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கல்வியைப் பிள்ளையின் உரிமை என்கிறது. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. வீட்டுக் கல்வி என்ற சொல்லும் இல்லை. அதே சட்டத்தின் 4ஆம் பிரிவுதான் எனக்குத் தைரியம் தருவது. பள்ளிக்கே போகாத பிள்ளையையும் அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது அது. நாளைக்கே என் மகள் "நான் ஸ்கூலுக்குப் போறேம்மா" என்றால் கதவு திறந்திருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு, 14 வயது முடிந்தால் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பதிந்து தேர்வு எழுதலாம். என்னைப் போல எல்லோரும் செய்யுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டில் ஒருவர் சம்பளத்தை விட்டுவிட்டு உட்கார வேண்டும். அது எல்லா வீட்டுக்கும் ஆகிற காரியமில்லை.

ஆனால் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கும் சனி, ஞாயிறு இருக்கிறது. ஏப்ரல், மே விடுமுறை இருக்கிறது. நம் குடியிருப்பில் எட்டு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். யார் வீடு என்று சொல்லப் போவதில்லை. போன வருடம் என்னிடம், "ஆன்ட்டி, எனக்கு சயின்ஸ் வராது" என்றான். மூன்றாம் வகுப்பில் அவனுக்கே அது முடிவாகிவிட்டது. அவனை மனதில் வைத்துத்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

கையால் செய்து படிப்பது ஏதோ வெளிநாட்டு மோஸ்தர் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. நம் தாத்தாக்கள் படித்த திண்ணைப் பள்ளிக்கூடத்தில் முதல் எழுத்தே மணலில் விரலால் எழுதியதுதான். மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் அனாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இதைப் பார்த்துவிட்டு, தன் விடுதியில் செய்து பார்த்தார். ஊருக்குத் திரும்பியதும் 1797இல் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் வந்தது. திண்ணைப் பள்ளியைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் நான் தயாரில்லை. அடி பலமாக இருந்தது, பெண் பிள்ளைகளும் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அங்கே உட்கார முடியவில்லை. ஆனால் கை வழியாகப் படிப்பது நமக்குப் புதிதில்லை. நம் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் வந்ததே, அட்டைகளோடு, நினைவிருக்கும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். திருப்பனந்தாள் என்ற பெயரிலேயே பனை இருக்கிறது. செஞ்சடையப்பர் கோயிலின் தல விருட்சமும் பனைதான். தாடகை என்ற பெண் மாலை சாத்துவதற்காகச் சிவன் தலை சாய்த்ததும், சாய்ந்த லிங்கத்தைக் குங்கிலியக்கலய நாயனார் தன் கழுத்தில் கயிறு கட்டி நிமிர்த்தியதும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதையைக் கப்பி, நெம்புகோல் பாடமாக்கச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. அது பக்தியின் கதை, கதையாகவே பிள்ளைகள் கேட்கட்டும். நான் எடுத்துக்கொண்டது கோயில் மரத்தை.

கோடையில் நுங்கு விற்க வருகிறவரிடம் கேட்டால் ஓலை கொடுப்பார். கொஞ்சம் இளம் ஓலையாகக் கேளுங்கள். ஈர்க்கை நீக்கி, இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்கி, மஞ்சள் போட்ட தண்ணீரில் கொதிக்க வைத்து, நிழலில் காயவிட்டு, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு வாரம் வைத்தால் தட்டையாகிவிடும். எழுத்தாணிக்குப் பதில் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா போதும். சின்னப் பிள்ளைகளிடம் காம்பஸ் முள்ளைக் கொடுக்க வேண்டாம். கீறியபின் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவி, துணியால் துடைத்தால், கீறலில் மட்டும் கருப்பு நிற்கும். எழுத்து தெரியும் அந்த நொடியில் பிள்ளைகள் போடுகிற சத்தத்தை நீங்கள் கீழ்த்தளம் வரைக்கும் கேட்டிருப்பீர்கள்.

ஓலையின் நரம்பு ஓடும் திசையில் நீளமாகக் கோடு போட்டால் ஓலை கிழியும், அதனால்தான் நம் எழுத்துகள் வளைந்து உருண்டன என்று சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். பிள்ளைகள் நீளமாகக் கோடு போட்டார்கள், ஓலை பிளந்தது. வளைத்து எழுதினார்கள், பிளக்கவில்லை. பாடம் முடிந்தது என்று நான் எழுந்தேன். அப்போது அந்த எட்டு வயதுப் பையன், சயின்ஸ் வராதவன், கேட்டான்: "ஆன்ட்டி, அப்போ 'ப'வுக்கு அடியில நேர்க்கோடு இருக்கே? 'ட'வுக்கும் இருக்கே?"

என்னிடம் தயாராகப் பதில் இல்லை. எல்லோரும் 'ப' எழுதிப் பார்த்தார்கள். மேலிருந்து கீழே வருகிற கோடு நரம்புக்குக் குறுக்கே போகிறது, ஒன்றும் ஆகவில்லை. அடிக்கோடு நரம்போடு போகிறது, ஆனால் சின்னதாக இருப்பதால் கவனமாகக் கீறினால் தாங்குகிறது, அழுத்தினால் பிளக்கிறது. ஆக, நான் சொன்ன காரணம் பாதிக்குத்தான் பொருந்துகிறது. நான் எழுதி வைத்த விளக்கத்தைவிட அந்தப் பையனின் 'ப' பெரிய பாடம். பெரியவர்கள் சொன்னதைச் சோதிக்கலாம், சோதித்த பிறகு பாதியை மட்டும் ஒப்புக்கொள்ளலாம். இதைத்தானே நாம் அறிவியல் என்கிறோம்?

அதே ஓலையில் வரலாறும் இருக்கிறது. பழைய சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை, முள் ஓலையில் துளை போட்டுவிடும். பிள்ளைகளைப் புள்ளி இல்லாமல் ஒருவருக்கொருவர் சீட்டு எழுதச் சொன்னேன். "பல விழுந்தது" என்று ஒருத்தி எழுதினாள். எது பல விழுந்தது என்று அரை மணி நேரம் சண்டை. பல் விழுந்தது என்று கடைசியில் அவளே வாயைத் திறந்து காட்டினாள்.

இன்னொரு விளையாட்டு. ஒரு பத்தியை முதல் பிள்ளை எழுத, அதைப் பார்த்து இரண்டாவது, இரண்டாவதைப் பார்த்து மூன்றாவது என்று ஐந்து பேர் பிரதி எடுப்பது. அசலை ஒளித்து வைத்துவிட வேண்டும். ஐந்தாவது பிரதியில் வார்த்தைகள் மாறியிருக்கும், ஒரு வரியே காணாமல் போயிருக்கும். இப்போது ஐந்து தாள்களையும் கலைத்துப் போட்டு, அசல் என்னவாக இருந்திருக்கும் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உ.வே. சாமிநாதையர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையின் ருசி ஒரு மணி நேரத்தில் கிடைத்துவிடும். 1855இல் பிறந்த அவருடைய சொந்த ஊரான உத்தமதானபுரம் நம் கும்பகோணம் பக்கத்துக் கிராமம்தான். செல்லரித்த சுவடிகளைத் தேடி அலைந்து, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டு, 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் அச்சில் கொண்டுவந்தார். வருடங்களைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள், மறக்கட்டும். பிரதி எடுக்கும்போது எப்படித் தப்பு வரும் என்று அவர்கள் கைக்குத் தெரியும்.

அடுத்தது மணல். ஒரு பெரிய தாம்பாளத்தில் நான்கு விரல் கனத்துக்கு மணலைப் பரப்பி, ஒரு பக்கம் லேசாக உயர்த்தி வைத்து, மேலிருந்து குவளையால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். நடுவில் ஒரு கூழாங்கல்லை வையுங்கள். கல்லுக்கு அடியில் மணல் அரிபட்டு, கல் மெல்ல அமிழும். அதன்மேல் இன்னொன்று வையுங்கள், அதுவும் அமிழும். பொறுமையாக வைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அசையாமல் நின்றுவிடும். கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கல்லணையின் அடிப்படை இதுதான். ஆழம் தெரியாத ஆற்று மணலில் அஸ்திவாரம் எப்படிப் போடுவது என்பதை ஆர்தர் காட்டன் கல்லணையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்.

அந்தக் காட்டன் 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய கீழணை நம் பக்கத்து அணைக்கரையில் இருக்கிறது. நாம் எத்தனை தடவை பஸ்ஸில் அதன்மேல் கடந்திருப்போம்! ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அங்கே இறக்கிக் காட்டுங்கள். அங்கிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வீராணம் ஏரிக்குப் போகிறது. வீராணம் சோழர் வெட்டிய ஏரி. இன்றைக்கு அந்தத் தண்ணீர் குழாயில் சென்னைக்கும் போகிறது. சென்னையில் உங்கள் அண்ணன், தங்கை வீட்டுக் குழாயைத் திறந்தால் வருவதில் நம் அணைக்கரைத் தண்ணீரும் கலந்திருக்கும்.

அங்கிருந்து இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் தலைநகராக்கிய ஊர். அவ்வளவு பெரிய கோயிலின் சுற்று மதில் எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். மதிலின் கற்களைப் பெயர்த்து எடுத்துக் கீழணை கட்டினார்கள். காலையில் பார்த்த அணைக்குள் மாலையில் பார்க்கிற கோயிலின் மதில் இருக்கிறது.

நாங்கள் திரும்பி வரும்போது வேனுக்குள்ளேயே வழக்கு நடந்தது. எடுத்தது தப்பு என்று என் மகள். வயலுக்குத் தண்ணீர் வேண்டாமா என்று மூன்றாவது மாடிப் பெண். வேறு இடத்திலிருந்து கல் கொண்டுவந்திருக்கலாமே என்று இன்னொருத்தி. "எங்கேருந்து?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் பிள்ளைகள் பட்டாளமாகச் செயலாளர் சார் வீட்டுக்குப் போய், நம் போர்வெல் போட்டபோது பூமியிலிருந்து என்ன வந்தது என்று கேட்டார்கள். சார் பொறுமையாகச் சொன்னார்: மணல், களிமண், மறுபடியும் மணல். பாறை வரவே இல்லை. காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல்மேல் நாம் உட்கார்ந்திருக்கிறோம். இந்த டெல்டாவில் எந்தக் கோயிலின் கருங்கல்லும் உள்ளூர்க் கல் இல்லை, எங்கிருந்தோ வண்டியில் வந்தது. அப்படியானால் 1836இல் அணை கட்ட வந்த ஒருவருக்கு, பக்கத்தில் செதுக்கிய கல் மலைபோல நிற்பது எப்படித் தெரிந்திருக்கும்? செய்தது சரியாகிவிடாது. ஏன் செய்தார்கள் என்பது புரிகிறது. வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை, வர வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. வரலாற்றுக் கேள்வி ஒன்றுக்கு விடை தேடி பிள்ளைகள் மண்ணியலுக்குள் போனார்கள். எந்த நோட்டில் இதை எழுதுவது என்று மகள் கேட்டாள்.

கணக்கும் இப்படித்தான். பரணில் கிடக்கும் படியை இறக்குங்கள். 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். அரிசியை அளந்து பழகிய பிள்ளைக்குக் கோயில் கல்வெட்டில் வரும் கலமும் நாழியும் வெறும் சொல்லாக இருக்காது.

மொட்டை மாடிக்கும் ஒரு வேலை இருக்கிறது. நம் ஊர் சுமார் 11 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், வருடத்தில் இரண்டு தடவை நண்பகலில் சூரியன் உச்சிக்கு நேர் மேலே வரும். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு முறை, ஆகஸ்ட் நான்காம் வாரத்தில் ஒரு முறை. நேராக நிற்க வைத்த குச்சியின் நிழல் குச்சிக்குள்ளேயே போய்விடும். 12 மணிக்குச் சரியாக நடக்காது, பத்துப் பதினைந்து நிமிடம் தள்ளி நடக்கும். ஏன் என்பதற்கு நம் கடிகாரம் எந்த ஊர் நேரத்தைக் காட்டுகிறது என்று யோசிக்க வேண்டும். இதைச் செய்து பார்த்த பிள்ளையைத் தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போங்கள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று வாட்ஸ்அப்பில் வருடா வருடம் வரும். நம் குழுவிலும் வந்தது, யார் அனுப்பியது என்று சொல்ல மாட்டேன்! மாலை நான்கு மணிக்குப் போய் நின்றால் நிழல் நீளமாகத் தரையில் கிடக்கும். அதை மிதித்துக்கொண்டு நடக்கலாம். ராஜராஜனின் பெருமை அதனால் குறையாது. 1010இல் அந்த உயரத்துக்குக் கல்லை ஏற்றியதே போதும்.

விதைநெல் விஷயம் உங்களில் விவசாயம் பார்க்கிறவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வாளித் தண்ணீரில் புது முட்டையைப் போட்டால் மூழ்கும். உப்பைக் கரைத்துக்கொண்டே வந்தால் ஒரு நிலையில் முட்டை மேலே வந்து, பழைய நாலணாக் காசு அளவுக்குத் தலை காட்டும். அந்த உப்புத் தண்ணீரில் விதைநெல்லைப் போட்டால் பதரும் அரைகுறை நெல்லும் மிதக்கும், கனத்த நெல் அடியில் தங்கும். தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிவிட வேண்டும். வேளாண் துறை விவசாயிகளுக்குச் சொல்லித் தருவது இது. அடர்த்தி என்ற பாடம் முழுவதும் அந்த வாளிக்குள் இருக்கிறது. மிதந்ததில் கொஞ்சம், மூழ்கியதில் கொஞ்சம் தனித்தனியாக ஈரத் துணியில் கட்டி வைத்து, எத்தனை முளைக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். முட்டை பழசாக இருந்தால் உப்பில்லாமலே மிதக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

இதெல்லாம் செய்தால் போதுமா என்று கேட்டால், போதாது. வாய்ப்பாடு உட்கார்ந்து மனப்பாடம் செய்தால்தான் வரும். என் மகளுக்கு ஏழாம் வாய்ப்பாடு இன்னும் தடுமாறுகிறது. தினம் ஒரு பக்கம் எழுதும் பழக்கம் மணலில் விளையாடி வராது. நாற்பது பிள்ளைகளோடு ஒரு வகுப்பில் உட்கார்ந்து, பிடிக்காத ஒருவனோடு பெஞ்சைப் பகிர்ந்துகொள்வதும் ஒரு படிப்புதான், அதை என் வீட்டில் என்னால் கொடுக்க முடியாது. ஆறாம் வகுப்பு வயது வரும்போது அவள் பள்ளிக்குப் போவாளா என்பதை அவளோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். பள்ளியில் முப்பத்தைந்து நிமிட வகுப்பில், நாற்பது பேருக்கு ஓலையைக் கொதிக்க வைக்க ஓர் ஆசிரியரால் முடியாது. அதற்காக அவர்களைக் குறை சொல்வதும் நியாயமில்லை. அந்த இடத்தில் நாம் உதவலாம்.

அதனால் சங்கத்திடம் ஒரு கோரிக்கை. சனிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, மொட்டை மாடியில் தண்ணீர்க் குழாய் இருக்கிற மூலையைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கட்டணம் கிடையாது. அஞ்சு வயது முதல் பத்து வயது வரை யாரும் வரலாம், பெரிய பிள்ளைகள் சொல்லிக் கொடுக்க வரலாம். மணல் தார்ப்பாயைத் தாண்டாது, வடிகாலில் ஒரு பிடி மண்கூடப் போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வாரமும் பெற்றோரில் ஒருவர் கூட இருந்தால் நல்லது. மாடி ஏற முடிகிற தாத்தா, பாட்டி யாராவது வந்தால் இன்னும் நல்லது. மேட்டூர் தண்ணீர் ஜூன் 12 அன்று திறந்தால் நம் வாய்க்காலுக்கு எப்போது வரும், குறுவைக்கு எப்போது நாற்று விடுவார்கள் என்பதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்துச் சொல்வதைவிட அவர்கள் சொல்வது மேல்.

முதல் சனிக்கிழமைக்கு ஓலை நான் கொண்டுவருகிறேன். மை தீர்ந்த பேனாக்களைக் குப்பையில் போடாமல் எடுத்து வையுங்கள். இரண்டாவது வாரம் விதைநெல். அதற்கு முட்டை வேண்டாம் என்கிற வீடுகள் கவலைப்பட வேண்டாம், உருளைக்கிழங்கும் உப்புத் தண்ணீரில் மிதக்கும். எவ்வளவு உப்பு போட்டால் என்பதைப் பிள்ளைகள் சொல்வார்கள். கல் உப்பு இரண்டு கிலோ யாராவது வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.